ஏழு இருக்கை மின்சார எஸ்.யூ.வி. வாங்கலாமா? வடசென்னை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

மஹிந்திரா நிறுவனம் 2025 நவம்பர் 27 அன்று எக்ஸ்.இ.வி. 9எஸ் என்ற ஏழு இருக்கை மின்சார எஸ்.யூ.வி.யை அறிமுகப்படுத்தியது. 59, 70, 79 கிலோவாட் மணி (ஒரு கிலோவாட் மணி என்பது ஒரு யூனிட் மின்சாரம்) என மூன்று பேட்டரி அளவுகளில் கிடைக்கும் இதன் அறிமுக விலை, ஷோரூம் கணக்கில் 19.95 லட்சம் ரூபாயில் தொடங்கி 29.45 லட்சம் வரை போனது. ஷோரூமில் குடும்பத்தோடு பார்த்துவிட்டு வந்த வாசகர்கள், குறிப்பாக வடசென்னையைச் சேர்ந்தவர்கள், தங்கள் எண்ணங்களையும் ஐயங்களையும் எழுதியிருக்கிறார்கள். ஒரே பொருள் பற்றியவை என்பதால் அவற்றை இங்கே சேர்த்துத் தந்திருக்கிறோம்.

அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள், தங்கை குடும்பம் என எல்லோரும் ஒரே வண்டியில் போகவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஷோரூமில் பார்த்தபோது நடு வரிசை மிகவும் பிடித்திருந்தது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்த தங்கை கணவர் மட்டும் முழங்கால் நெஞ்சுக்கு வருகிறது என்றார். இது உண்மையில் ஏழு பேருக்கான வண்டிதானா?
— வாசகர், தண்டையார்பேட்டை

உங்கள் தங்கை கணவர் சொன்னது சரிதான். அதற்கு வண்டியின் அமைப்பே காரணம். மின்சார வண்டிகளில் பேட்டரி தட்டையான பெட்டியாகத் தரைக்கு அடியில் பரப்பி வைக்கப்படுகிறது. அதனால் உள்தரை சற்று மேலே வந்துவிடுகிறது. கூரையை அதே அளவுக்கு உயர்த்த முடியாது. ஆகவே தரைக்கும் இருக்கைக்கும் இடையே உள்ள உயரம் குறைகிறது. முன்வரிசையிலும் நடு வரிசையிலும் கால் நீட்ட இடம் இருப்பதால் இது தெரிவதில்லை. கடைசி வரிசையில் கால் நீட்ட இடமில்லாததால், தொடை இருக்கையில் படியாமல் முழங்கால் மேலே எழும்புகிறது. பத்து நிமிடம் ஷோரூமில் உட்கார்ந்தால் பொறுத்துக்கொள்ளலாம். வேளாங்கண்ணி வரை உட்கார்ந்து போவது வேறு.

நடு வரிசையை முன்னும் பின்னும் நகர்த்தலாம், சாய்க்கலாம் என்பது இந்த வண்டியின் உண்மையான நிறை. நடு வரிசையில் இருப்பவர் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் பின்னால் இருப்பவருக்குக் கால் வைக்க இடம் கிடைக்கும். ஆனாலும் என் கருத்தில் இது ஐந்து பெரியவர்களுக்கும் இரண்டு பிள்ளைகளுக்குமான வண்டி. ஏழு பெரியவர்கள் தண்டையார்பேட்டையிலிருந்து பெரம்பூர் கல்யாண மண்டபத்துக்குப் போய்வரலாம். ஊருக்குப் போகும் பயணத்துக்கு அது பொருந்தாது. மூன்றாவது வரிசையை ஆள் உட்காரும்படி நிமிர்த்தி வைத்தால் பின்னால் பெட்டி வைக்கும் இடம் மிகவும் சுருங்கிவிடுகிறது என்பதையும் கவனித்திருப்பீர்கள். முன்பக்க பானட்டுக்குள் உள்ள 150 லிட்டர் இடம் ஓரளவு கைகொடுக்கும். இரண்டு கைப்பைகளும் செருப்பு, குடை போன்றவையும் அதில் அடங்கும்.

டெஸ்ட் டிரைவுக்கு அம்மாவை அவசியம் அழைத்துப் போங்கள். அவரை ஓட்டுநர் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்ப்பது போதாது. தெருவில், தரை சமமாக இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, அவரே நடு வரிசையில் ஏறி இறங்கட்டும். எந்தக் கையால் எதைப் பிடித்து ஏறுகிறார், இறங்கும்போது கால் தரையைத் தொடுவதற்கு முன் தடுமாறுகிறாரா என்று பாருங்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்குத் திரையின் அளவையும் பாட்டுக் கருவியின் தரத்தையும் விட இதுதான் முக்கியம்.

எங்கள் தெருவில் இருபுறமும் வண்டிகள் நிற்கும். இவ்வளவு அகலமான கார் உள்ளே வருமா என்று வீட்டில் அஞ்சுகிறார்கள்.
— வாசகி, இராயபுரம்

வண்டியின் அகலம் 1,900 மில்லிமீட்டர், நீளம் 4,737 மில்லிமீட்டர். பக்கவாட்டுக் கண்ணாடிகள் இந்த அகலக் கணக்கில் சேராது. அவற்றையும் சேர்த்தால் இரண்டு மீட்டருக்கு மேல் போகும். இரவு பத்து மணிக்கு மேல், எல்லா வண்டிகளும் வந்து நின்ற பிறகு, ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு உங்கள் தெருவின் மிகக் குறுகலான இடத்தை அளந்து பாருங்கள். இரண்டரை மீட்டர் இடைவெளியாவது இல்லையென்றால் நாள்தோறும் யாரையாவது எழுப்பி வண்டியை நகர்த்தச் சொல்லவேண்டி வரும். அந்த நிலையில் கியா கேரன்ஸ் கிளாவிஸ் மின்சார வண்டியையும் பார்த்துவிடுங்கள். அது 1,800 மில்லிமீட்டர் அகலமும் 4,550 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது; 2025 ஜூலையில் 17.99 லட்சம் ரூபாய்த் தொடக்க விலையில் வந்தது. பேட்டரி சிறியது. ஆனால் பத்து சென்டிமீட்டர் அகலக் குறைவு என்பது பழைய இராயபுரத் தெருக்களில் பெரிய வேறுபாடு.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். கார் நிறுத்த எனக்கென்று இடம் உண்டு, ஆனால் சங்கத்தில் சார்ஜர் வைக்கச் சம்மதிக்கத் தயங்குகிறார்கள். ஷோரூமில் 7.2 கிலோவாட் சார்ஜர் இல்லாமல் முடியாது என்கிறார்கள். மின்கட்டணம் ஏறி, மிச்சமாகும் பெட்ரோல் பணம் அதிலேயே போய்விடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எது சரி?
— வாசகர், பெரம்பூர்

இந்தக் கேள்வியைத்தான் வண்டியின் நிறத்தையும் மாடலையும் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே எல்லோரும் கேட்கவேண்டும். வீட்டில் சார்ஜ் செய்ய உறுதியான இடம் இருந்தால் மின்சார வண்டி மிக நல்ல துணை. இல்லையென்றால் அதுவே அன்றாடத் தொல்லையாகிவிடும். தெருவில் நிறுத்தி, ஜன்னல் வழியே வயர் இழுத்து, நடைபாதையில் போகிறவர்கள் காலில் படும்படி சார்ஜ் செய்யலாம் என்று எண்ணுபவர்கள் இப்போதைக்கு வாங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. உங்களுக்குச் சொந்த இடம் இருக்கிறது. ஆகவே பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள்.

முதலில் சார்ஜர். பெரம்பூரிலிருந்து பாரிமுனைக்கோ அம்பத்தூருக்கோ வேலைக்குப் போய்வந்தால் ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் ஓடாது. இந்த அளவு வண்டி நகரத்தில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்துக்கொண்டால், அன்றாடம் நிரப்பவேண்டியது 7 யூனிட் அளவே. சாதாரண 16 ஆம்பியர் பிளக்கில் 3.3 கிலோவாட் வேகத்தில் சார்ஜ் செய்தாலும் அது இரண்டரை மணி நேர வேலை. 79 கிலோவாட் மணி பேட்டரியை முழுக்கக் காலியாக்கிவிட்டு நிரப்ப நினைத்தால்தான் ஒரு நாளுக்கு மேல் ஆகும், 7.2 கிலோவாட் சார்ஜரில் அது பதினொரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். 11.2 கிலோவாட் சார்ஜருக்கு மும்முனை இணைப்பு வேண்டும். ஆகவே பெரிய சார்ஜர் இல்லாமல் முடியாது என்பது உங்கள் ஓட்டத்துக்குப் பொருந்தாது. சங்கத்திடமும் இதையே சொல்லுங்கள். நீங்கள் கேட்பது தண்ணீர் ஹீட்டரோ ஏசியோ இழுக்கும் அளவை ஒட்டிய சுமைதான்.

ஒரு நிபந்தனை உண்டு. ஹீட்டர் பதினைந்து நிமிடம் ஓடி நின்றுவிடும். கார் பல மணி நேரம் ஓயாமல் ஏறத்தாழ 14 ஆம்பியர் இழுக்கும். பழைய கட்டடங்களில் இருக்கும் சாக்கெட்டை அப்படியே பயன்படுத்தினால் அது சூடேறி உருகக்கூடும். உங்கள் வீட்டு மீட்டரிலிருந்து நேராக, வேறு எதற்கும் பங்கிடாத தனி லைன் இழுங்கள். நல்ல தடிமனான செம்புக் கம்பி, சரியான எர்த், சுமை மிகுந்தால் தானாக அணையும் எம்.சி.பி., அத்துடன் மின்கசிவு நேர்ந்தால் உடனே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஆகியவை கட்டாயம். அனுமதிக்கப்பட்ட மின்சுமை எவ்வளவு என்று மின்கட்டண அட்டையில் பாருங்கள். குறைவாக இருந்தால் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே உங்கள் பகுதி மின்வாரிய அலுவலகத்தில் கூடுதல் சுமைக்கு விண்ணப்பியுங்கள். வீட்டில் இருக்கும் இணைப்பிலேயே காரைச் சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின்துறை அமைச்சகத்தின் வழிகாட்டு நெறிகள் தெளிவாகச் சொல்கின்றன; அவற்றை அச்சிட்டுச் சங்கக் கூட்டத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். கம்பி மீட்டரிலிருந்து உங்கள் இடத்துக்கு எந்த வழியே வருகிறது, செலவு யாருடையது, பழுதானால் யார் பொறுப்பு என்ற மூன்றையும் எழுத்தில் கொடுத்தால், தயங்குபவர்களில் பலர் இறங்கிவருவார்கள்.

மின்கட்டணம் பற்றி உங்கள் நண்பர்கள் சொல்வதில் ஓரளவு உண்மை இருக்கிறது. விற்பனையாளர்கள் இதைச் சொல்வதில்லை. தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதக் கணக்கு. 500 யூனிட்டைத் தாண்டினால் அடுத்தடுத்த படிகளில் விலை வேகமாக ஏறுகிறது. இப்போது உங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டினால், சார்ஜ் செய்யும்போது வீணாவதையும் சேர்த்து, இரண்டு மாதத்துக்கு 370 யூனிட் அளவு கூடும். இந்தக் கூடுதல் முழுவதும் விலை உயர்ந்த படிகளில்தான் விழும். 2024 ஜூலையில் நடப்புக்கு வந்த கட்டணப்படி பார்த்தால் இதற்கு 3,500 முதல் 4,000 ரூபாய் வரை ஆகும். அதாவது கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய்க்குள். விளம்பரத்தில் சொல்வதுபோல் ஒரு ரூபாய் ஆகாது. ஆனால் நகர நெரிசலில் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் தரும் டீசல் எஸ்.யூ.வி.க்கு, டீசல் 92 ரூபாய் என்ற கணக்கில், கிலோமீட்டருக்கு ஏழரை ரூபாய்க்கு மேல் ஆகிறது. ஆகவே மிச்சம் மின்கட்டணத்திலேயே போய்விடும் என்பது சரியல்ல. பொது இடத்து வேக சார்ஜர்களை மட்டுமே நம்பினால் இந்த மிச்சம் பெரிதும் குறைந்துவிடும்; அங்கே ஒரு யூனிட் 20 ரூபாயை ஒட்டியும் அதற்கு மேலும் போகிறது.

மழைக்காலம் வந்தாலே எங்கள் பகுதியில் தண்ணீர் நிற்கும். கணேசபுரம் சுரங்கப்பாதை நிலை உங்களுக்குத் தெரியும். பேட்டரி வண்டி தண்ணீரில் நின்றால் ஷாக் அடிக்குமா, பேட்டரி போய்விடுமா?
— வாசகர், வியாசர்பாடி

பேட்டரிப் பெட்டி முழுவதும் மூடி முத்திரையிடப்பட்டது. இத்தகைய வண்டிகளில் வழக்கமாகக் குறிப்பிடப்படும் ஐ.பி. 67 தரச்சான்று, ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் இருந்தாலும் நீர் உட்புகாது என்பதற்கானது. கசிவு ஏற்பட்டால் உயர் மின்னழுத்தம் தானாகவே துண்டிக்கப்படும் ஏற்பாடும் உண்டு. தேங்கிய நீரில் மெதுவாகக் கடந்து போவதால் ஷாக் அடிக்கும் என்று அஞ்ச வேண்டியதில்லை. எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்து நின்றுபோகும் பிரச்சினை இதில் இல்லை என்பதால், சிறிய அளவு தேக்கத்தில் மின்சார வண்டி டீசல் வண்டியைவிடத் தாழ்ந்ததும் அல்ல.

ஆனால் அந்தச் சான்றிதழ் நல்ல நீரில், அரை மணி நேரத்துக்கு மட்டுமே. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையில் தண்ணீர் நாள்கணக்கில் நின்றது. எண்ணூர்ப் பக்கத்து வீடுகளில் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து புகுந்தது. அப்படிப்பட்ட நீரில் பேட்டரி தப்பினாலும், இருக்கைக்கு அடியில் உள்ள கம்பி இணைப்புகள், 12 வோல்ட் பேட்டரி, மின்னணுப் பெட்டிகள் ஆகியவை தப்பா. உப்புநீர் இன்னும் கொடியது. 2022-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இயான் சூறாவளிக்குப் பிறகு, கடல்நீரில் மூழ்கிய சில மின்சார வண்டிகள் சில நாட்கள் கழித்துத் தீப்பற்றின. கடலோரத்திலும் கழிமுகத்தை ஒட்டியும் வசிப்பவர்கள் இதை மனத்தில் வைக்கவேண்டும்.

வீட்டுச் சுவரில் 2023 வெள்ளம் விட்டுச்சென்ற கறைக்கோடு இன்னும் இருக்கும். வெள்ளையடித்திருந்தாலும் சாரம் பூத்து மெல்லத் தெரியும். சார்ஜிங் சாக்கெட்டையும் அதன் ஸ்விட்ச் பெட்டியையும் அந்தக் கோட்டுக்கு இரண்டு அடியாவது மேலே பொருத்தச் சொல்லுங்கள். சிவப்பு எச்சரிக்கை வந்தால் சார்ஜரைக் கழற்றிவிட்டு வண்டியை மேட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்துங்கள். 2024 அக்டோபரில் வேளச்சேரி மேம்பாலத்தில் மக்கள் வரிசையாகக் கார்களை நிறுத்தியதை எல்லோரும் பார்த்தோம், அது முன்யோசனை. சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் எந்த வண்டியாக இருந்தாலும் இறக்காதீர்கள். வண்டி இருக்கை மட்டத்துக்கு மூழ்கிவிட்டால், வடிந்த பிறகு ஓடுகிறதா என்று பார்க்க ஸ்டார்ட் செய்வதும் சார்ஜ் போடுவதும் கூடாது. வீட்டுச் சுவரை ஒட்டி நிறுத்தாமல், சர்வீஸ் மையத்துக்குத் தகவல் சொல்லி, சக்கரங்கள் தரையில் உருளாதபடி மேடை வண்டியில் ஏற்றி அனுப்புங்கள். முழுமைக் காப்பீடு எடுக்கும்போது, பேட்டரிக்கு நீரால் வரும் சேதம் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள்.

கடற்கரைச் சாலையை ஒட்டிய வீடு. எங்கள் பழைய கார் அடிப்பாகம் துருப்பிடித்தே போனது. இதுவும் அப்படித்தானா?
— வாசகி, திருவொற்றியூர்

உப்புக்காற்று எந்த வண்டியையும் விடாது. மின்சார வண்டியில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது பிரேக். காலை எடுத்தவுடனே மோட்டாரே வண்டியின் வேகத்தைக் குறைத்து மின்சாரம் தயாரிப்பதால், உண்மையான பிரேக் வட்டுகளுக்கு வேலை குறைவு. வேலை இல்லாத இரும்பு உப்புக்காற்றில் விரைவாகத் துருப்பிடிக்கும். பின்னால் வண்டி வராத நேரம் பார்த்து, வாரத்தில் சில முறையாவது பிரேக்கை நன்றாக அழுத்திப் பிடித்து நிறுத்துங்கள். வட்டு தேய்ந்து பளபளப்பாகிவிடும். அடிப்பாகத்தை நல்ல நீரில் கழுவச் சொல்லுங்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் தூசி சார்ஜிங் வாயிலின் மூடிக்குள் படியும். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும், அங்கே நேராகத் தண்ணீர் பீய்ச்ச வேண்டாம்.

59-ஆ, 79-ஆ? ஆண்டுக்கு நான்கைந்து முறை வெளியூர் போவோம், மற்றபடி நகருக்குள்தான்.
— வாசகர், கொளத்தூர்

ஒருமுறை முழுக்கச் சார்ஜ் செய்தால் சான்றளிக்கப்பட்ட ஓட்டம் 59 கிலோவாட் மணி பேட்டரிக்கு 521 கிலோமீட்டர், 79-க்கு 679 கிலோமீட்டர். இவை சோதனைக்கூட அளவுகள். ஏசி போட்டு, ஆள் நிறைந்து, நெடுஞ்சாலை வேகத்தில் போகும்போது இதில் 70 விழுக்காட்டை நம்பித் திட்டமிடுங்கள். அதாவது சிறியதற்கு 365, பெரியதற்கு 475. திருப்பதிக்குப் போய்த் திரும்ப இரண்டுமே போதும். மலையிறங்கும்போது கொஞ்சம் மின்சாரம் திரும்பக் கிடைக்கும் என்பது கூடுதல் மகிழ்ச்சி. வேளாங்கண்ணி ஏறத்தாழ 320 கிலோமீட்டர். பெரியதில் இடையில் நிறுத்தாமல் போய்ச் சேரலாம். சிறியதில் புதுச்சேரியிலோ கடலூரிலோ சாப்பாட்டு நேரத்தில் சார்ஜ் போட்டுக்கொள்வது மன அமைதி தரும். 180 கிலோவாட் வேக சார்ஜரில் 20-லிருந்து 80 விழுக்காடு வரை 20 நிமிடம் என்று நிறுவனம் சொல்கிறது. வழியில் உள்ள சார்ஜர்கள் பலவும் அதைவிடச் சிறியவை என்பதால் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

தொடக்க மாடலிலேயே 59-க்கும் 79-க்கும் அறிமுக விலையில் இரண்டு லட்சம் ரூபாய்தான் வேறுபாடு இருந்தது; 19.95, 21.95. உங்கள் ஓட்டத்துக்கு 59 போதும். ஆனால் பத்து ஆண்டு வைத்திருக்கும் எண்ணம் இருந்தால், பேட்டரி திறன் மெல்லக் குறையும் என்பதையும் கருதி, அழகு வசதிகள் நிறைந்த மேல்நிலை மாடலுக்குக் கொடுக்கும் பணத்தைக் குறைத்துக்கொண்டு தொடக்க மாடலில் பெரிய பேட்டரியை எடுப்பதையே நான் பரிந்துரைப்பேன்.

வரிச் சலுகை என்னென்ன உண்டு?
— வாசகர், மாதவரம்

மின்சார கார்களுக்கு ஜி.எஸ்.டி. 5 விழுக்காடு, 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய பெட்ரோல், டீசல் எஸ்.யூ.வி.களுக்கு 40 விழுக்காடு என்பதோடு ஒப்பிட்டால் இது பெரிய சலுகை. தமிழ்நாட்டில் அளிக்கப்படும் சாலை வரி விலக்கு, உங்கள் வண்டி பதிவாகும் நாளில் எந்த அளவில் நடப்பில் இருக்கிறது என்பதை ஆன்-ரோடு விலைப்பட்டியலில் பாருங்கள். வருமான வரியில் 80 இ.இ.பி. பிரிவின் கீழ் கடன் வட்டிக்குக் கழிவு உண்டு என்று இன்னும் சில விற்பனையாளர்கள் சொல்கிறார்கள். 2023 மார்ச் 31-க்குள் அனுமதிக்கப்பட்ட கடன்களுக்கே அது பொருந்தும். இப்போது கடன் வாங்குவோருக்குக் கிடைக்காது.

முன்னால் மூன்று திரைகள் வரிசையாக இருக்கின்றன. மகனுக்கு அவ்வளவு மகிழ்ச்சி. எனக்கோ எதைத் தொட்டால் எது நடக்கும் என்று புரியவில்லை. வண்டியை நானும்தான் ஓட்டப்போகிறேன்.
— வாசகி, கொடுங்கையூர்

உங்கள் தயக்கம் முற்றிலும் நியாயமானது. ஒவ்வொன்றும் 12.3 அங்குலம் கொண்ட இந்தத் திரைகள் ஷோரூமில் கண்ணைக் கவரும்; மூலக்கடைச் சந்திப்பில் வலப்பக்கம் லாரியும் இடப்பக்கம் ஷேர் ஆட்டோவும் நெருக்கும்போது கண் சாலையை விட்டு நகரக்கூடாது. கார்களின் பாதுகாப்பைச் சோதித்து மதிப்பெண் தரும் ஐரோப்பாவின் யூரோ என்கேப் அமைப்பே 2026 முதல், இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன் போன்றவற்றுக்குக் கைக்குத் தட்டுப்படும் தனி விசைகள் இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று விதித்திருக்கிறது. டெஸ்ட் டிரைவில் உங்கள் மகனைப் பின்னால் உட்காரவைத்துவிட்டு நீங்கள் ஓட்டுங்கள். போகும்போதே ஏசியைக் குறைக்கவும் கண்ணாடிப் புகையை நீக்கவும் முயலுங்கள். அதற்காக ஒருமுறைக்கு மேல் திரையைப் பார்க்க வேண்டியிருந்தால், ஸ்டீயரிங் பொத்தான்களாலும் குரல் கட்டளையாலும் அதே வேலையைச் செய்யமுடிகிறதா என்று அங்கேயே செய்து காட்டச் சொல்லுங்கள். விற்பனையாளர் திணறினால் அந்த வசதி உங்களுக்கும் உதவாது.

முதல் ஆண்டிலேயே வாங்கலாமா, காத்திருக்கலாமா?
— வாசகர், மணலி

இதே நிறுவனத்தின் பி.இ. 6, எக்ஸ்.இ.வி. 9இ ஆகியவை 2024 நவம்பரில் சென்னையில்தான் அறிமுகமாயின. அவை உருவான, இங்லோ என்ற அதே மின்சார வண்டி அடித்தளத்தில்தான் 9எஸ்-ஸும் உருவாகியிருக்கிறது. ஆகவே மோட்டாரும் பேட்டரியும் முற்றிலும் புதியவை அல்ல. அவசரம் இருந்தால் வாங்கலாம். பழைய வண்டி நன்றாக ஓடுகிறது என்றால் ஒரு மழைக்காலம் பொறுத்து, வாங்கியவர்களிடம் விசாரித்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. எதுவானாலும், மணலியிலிருந்து எளிதில் போகக்கூடிய சர்வீஸ் மையம் எது, உயர் மின்னழுத்தப் பழுதுகளைப் பார்க்கப் பயிற்சி பெற்ற ஊழியர் அங்கேயே இருக்கிறாரா, வேறு கிளைக்கு வண்டியை அனுப்புகிறார்களா, அனுப்பினால் இழுத்துச்செல்லும் செலவு யாருடையது, பஞ்சரானால் மாற்றுச் சக்கரம் உண்டா அல்லது ஒட்டும் கருவி மட்டும்தானா என்ற விவரங்களைக் கேட்டு, அவர்கள் எழுத்தில் தந்த பிறகே முன்பணம் கட்டுங்கள்.